கிணற்றைச் சுற்றாத வேலி

ஆவாரை விதையைப் போல நெஞ்சழுத்தம் பிடித்த விதை வேறு கிடையாது. முத்துக்கனி அதனோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டியவள். அவள் சொன்னால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். செடியாக நின்றுவிட்டால் தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகிற காற்று அடித்தாலும் சாயாது. மாடு வாய் வைக்காது. ஆனால் விதையிலிருந்து தலையை நீட்ட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புறம்போக்கில் எவனும் கேட்காமலே முளைத்துக் கிடக்கும், ஆசைப்பட்டு விதைத்தால் மண்ணுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். சில மனுஷர்களும் அப்படித்தானே.

அவளுக்கு ஆவாரை வேண்டியிருந்தது கொழுந்தன் நாராயணபெருமாளால்.

சரல்விளையில் மாமனார் விட்டுப்போனது ஒரே துண்டு நிலம். இரட்டைப்பனைக்குத் தெற்கே மூத்தவன் கிருஷ்ணமணிக்கு, வடக்கே இளையவன் நாராயணபெருமாளுக்கு என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார். முத்துக்கனி மூத்தவன் பெண்டாட்டி. பிள்ளை இல்லை. பனைக்குத் தெற்கே நாலு கோல் தள்ளி, கிருஷ்ணமணி தன் கையால் பாறையைக் குடைந்து ஒரு கிணறு வெட்டினான். மூன்று கோடைகள் ஆயின. நாலாம் கோடையில் தண்ணீர் கண்டது. கரடு முரடான அந்தச் சரல் மண்ணில் வழுதலங்காயும் கீரையும் விளைந்தது அந்த ஒரு கிணற்றை நம்பித்தான். கிணறு இல்லாவிட்டால் அந்த நிலத்தில் ஓணானுக்குக்கூடப் பிழைப்பு கிடையாது.

கிணற்றைச் சுற்றி ஒரு கையாலைச் சுவர் எழுப்பினால் என்ன என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, கிருஷ்ணமணி தலை உருமாலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னான். அவன் அய்யாவை வழிபடுகிற நிழல்தாங்கலுக்கு ஒரு ஞாயிறு தப்பாமல் போகிறவன்.

"நம்ம பாட்டன் பூட்டன் குடத்தோட எந்தக் கிணத்தடியிலயாவது போய் நிக்க முடிஞ்சுதா பிள்ளே? தூர நின்னு, எவனாவது எரக்கப்பட்டு ஊத்தினா குடிச்சானுவ. அய்யா வந்து ஒரு கிணத்தைக் காட்டி, எல்லாவனும் ஒண்ணா நின்னு கோரிக் குடியுங்கன்னு சொன்னாரு. தண்ணிக்கு வேலி கெட்டப்பிடாது. கெட்டினவன் வெளங்கமாட்டான்."

சுதந்திரம் வந்த மறு வருஷம் அவன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கருமாதி முடிந்து மாசம் திகையவில்லை, நாராயணபெருமாள் வந்து நின்றான்.

"மைனி, ரெட்டைப்பனையும் பட்டுப்போச்சு. காத்துல விழுந்தா ஆளுக்கு ஆபத்து. முறிச்சு என் வீட்டு உத்திரத்துக்கு எடுத்துக்கிடட்டுமா? பனை போனா எலுகை போயிருமா என்ன?"

நல்லா எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டாள். செத்தவனின் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிறான், என்ன சொல்வாள்? அவன் பனையை முறித்தான், அடிக்கட்டையைத் தோண்டினான், குழியையும் மூடினான். எலுகைக்கு, இரண்டு பங்குக்கும் நடுவே உள்ள எல்லைக்கு, அடையாளம் சொல்ல மிஞ்சியது முழங்கால் உயரத்து மண் கையாலை ஒன்றுதான். அதையும் மழைக்கு மழை அவன் மண்வெட்டி தின்னத் தொடங்கியது. வருஷத்துக்கு ஒரு சாண். கேட்டால், "மழை அரிச்சிட்டு மைனி" என்பான். மழைக்கு வடக்குப் பக்கமிருந்து மட்டும் அரிக்கத் தெரிகிறது என்று முத்துக்கனி வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்?

அப்போதுதான் உயிர்வேலி என்ற யோசனை வந்தது. மண்ணை அரிக்கலாம், கல்லைப் புரட்டிப் போடலாம். ஆவாரையை நகர்த்த முடியாது. ஆணிவேர் நேரே கீழே இறங்கிவிடும். பிடுங்கி வேறிடத்தில் நட்டால் மூன்றாம் நாள் கருகிவிடும். விதைத்த இடத்தில்தான் நிற்கும், இல்லாவிட்டால் செத்துப்போகும். அப்படி ஒரு சாட்சி மனுஷரில் கிடைக்குமா?

முதல் ஐப்பசியில் ஒரு கடவப்பெட்டி நிறைய நெற்றை உதிர்த்து, விதையை அப்படியே கோடு கிழித்து விதைத்தாள். மழை பெய்தது, புல் முளைத்தது, கோரை முளைத்தது, ஆவாரை முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை போட்டது போட்டபடி மினுமினுவென்று கிடந்தது. கோபத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பல் வலித்தது.

இரண்டாம் வருஷம் தோல் இளகட்டும் என்று விதையைப் பானையில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். இரண்டு கொதி வந்ததும் இறக்கினாள். விதை நன்றாக உப்பி வந்திருந்தது. ஆகா, இந்தத் தடவை வழிக்கு வந்துவிட்டது என்று சந்தோஷமாக விதைத்தாள். எட்டு நாளில் அழுகி நாறியது. வெந்தது எங்கே முளைக்கும்? சுண்டல் போட்டுத் தின்றிருந்தாலாவது ஒரு வேளை போயிருக்கும்.

செய்யது அலி வந்தது அந்த மாசம்தான். கோட்டாறுக்காரர். தோல் பதனிடுகிற இடங்களுக்கு ஆவாரம்பட்டை வாங்கி அனுப்புகிற வேலை. ஒற்றை மாட்டு வண்டியோடு அந்தப் பொட்டல்களில் சுற்றுவார். வந்தால் கிருஷ்ணமணி கிணற்றில் தண்ணீர் கோரிக் குடிக்காமல் போகமாட்டார். அழுகிய விதையைப் பார்த்துச் சிரித்தார்.

"வேவிச்சியளாக்கா? அது தோலுதான் கெட்டி, உள்ள பச்சப்பிள்ளை. பரும்மணலைப் போட்டு ரெண்டு ஓட்டுத் துண்டுக்கு நடுவுல பைய உரசுங்கோ. தோலுல ஒரு கீறல் விழணும், அம்புட்டுதான். ஒரு ராத்திரி பச்சத்தண்ணியில போடுங்கோ. உப்பினதை விதையுங்கோ. உப்பாததை மறுபடி உரசுங்கோ."

மூன்றாம் ஐப்பசியில் அவள் அப்படியே செய்தாள். ஒரு பிடி மணல், ஒரு பிடி விதை. உரசி உரசி உள்ளங்கை கன்றிப்போனது. விரலிடைக்கு ஒன்று என்று குனிந்து விதைத்துக்கொண்டு வந்தவள், கிணற்றுக்கு நேரே வந்ததும் வளைந்து கிணற்றின் தென்பக்கமாகக் கோட்டை இழுத்தாள். வண்டியில் பட்டை ஏற்றிக்கொண்டிருந்த செய்யது அலி நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, எலுகை அங்கணல்லா? கிணத்தை உள்ள வச்சு விதையுங்கோ."

"தண்ணிக்கு வேலி கெட்டப்பிடாது சாயிபே. அவிய சொல்லியிருக்காவ. வழிப்போக்கன் வந்து குடிக்கணும். கிருஷ்ணமணி கிணறுன்னு ஊருக்கே தெரியும், அதை எவன் தூக்கிட்டுப் போவான்?"

"கிணத்தைத் தூக்க வேண்டாங்கா" என்றார் அவர். அதற்குமேல் அவள் குடும்ப விஷயத்தில் பேச அவருக்கு இஷ்டமில்லை. மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் நாள் முளைத்தது. இரண்டு இலை விட்டு, வரிசை பிசகாமல் விதைத்த கோட்டின்மேல் நின்றது. முத்துக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படித் தனியாக உட்கார்ந்து அழுததில்லை, ஊர் சூழ்ந்திருந்தது. இடைவெளி விழுந்த இடத்தில், நெருங்கி முளைத்ததைப் பிடுங்கி நட்டுப் பார்த்தாள். எல்லாம் செத்தது. திரும்ப உரசி, திரும்ப விதைத்தாள். முளைத்த மூன்றாம் வருஷம் தை பிறந்தபோது வேலி இடுப்பு உயரம். கிழக்கிலிருந்து மேற்குவரை ஒரே மஞ்சள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று ஊரில் சொல்வார்கள். கஷாயத்துக்குப் பூப்பறிக்க வருகிறவர்கள் அவளிடமும் அதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சாகவில்லை சரி, பூவைப் பார்த்துக்கொண்டே எவளாவது வாழ்ந்திருக்கிறாளா என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

நாராயணபெருமாளின் மண்வெட்டி நின்றுபோனது. மூன்று நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. வேலி முற்றட்டும் என்றுதான் பொறுத்திருந்திருக்கிறான். இவளுக்கு அது தெரியவில்லை. நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்து நிழல்தாங்கலில் ஒரு தேங்காய்கூட வைத்துவிட்டு வந்தாள், அசடு.

ஐம்பத்தைந்தாம் வருஷக் கோடையில் அவன் கிணற்றுக்கு வடக்கே நூறு வாழை வைத்தான். துலாவும் நாட்டினான். காலையிலிருந்து மத்தியானம்வரை இறைத்தால் கிணற்றில் தவளைதான் மிஞ்சியது. முத்துக்கனியின் வழுதலைச் செடி வதங்கியது. கேட்கப் போனாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா பெருமாளு?"

"என் கிணத்துல தண்ணி எடுக்க நான் யாருகிட்ட கேக்கணும் மைனி? உங்க வேலிக்கு உள்ளயா வந்தேன்?"

அந்தப் பேச்சைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். விளையாட்டு என்றே நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போனது அவள்தான். ஊரில் நாலுபேர் தூண்டிவிட்டார்கள், அதே நாலுபேர் சாட்சிக்குக் கூப்பிட்டபோது காணாமல் போனார்கள். பத்திரத்தில் இரட்டைப்பனை என்றிருக்கிறது. பனையைக் காட்டு என்றால் எங்கே போய்க் காட்டுவாள்? அவன் வீட்டு உத்திரத்தில் இருக்கிறது. கோர்ட்டு ஒரு கமிஷன் வக்கீலை அனுப்பியது. அவர் தை மாசம், வேலி முழுக்கப் பூத்துக் கிடந்த ஒரு காலையில், குடையும் அளவுச் சங்கிலியுமாக வந்தார்.

"இந்த வேலி யாரு வச்சது?"

"நான்தான் எசமான். ஒவ்வொரு விதையா உரசி வச்சேன்."

"முதல்ல வேற இடத்துல நின்னு, பிறகு பிடுங்கி இங்க மாத்தி வச்சதா?"

முத்துக்கனிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆவாரையை மாத்தி வைக்க ஒக்காது எசமான். விதைச்ச எடத்துலதான் நிக்கும். ஒரு மூடுகூட நகந்ததில்ல."

வக்கீல் எழுதிக்கொண்டார். "உங்க எலுகையைக் காக்கத்தானே வேலி போட்டீங்க?"

"பின்னே?"

அதையும் எழுதினார். "அப்படின்னா கிணறு ஏன் வேலிக்கு வெளிய நிக்குது?"

அவள் சொன்னாள். அய்யா, பாட்டன் பூட்டன், தண்ணிக்கு வேலி கெட்டப்பிடாது, அவிய சொல்லியிருக்காவ, எல்லாம் சொன்னாள். பேனா நின்றபடியே இருந்தது. நாராயணபெருமாள் நெற்றியில் நாமத்தோடு, கைகட்டி, பணிவாக ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"எசமான், சொந்தக் கிணத்தை வெளிய தள்ளி வேலி போடுத கிறுக்கி உலகத்துல உண்டுமா?"

பேனா மறுபடி ஓடியது.

அவளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி செய்யது அலி. கோட்டாறிலிருந்து கூப்பிட்டதும் வந்தார், பாவம். வேலிக்கு எத்தனை வயசிருக்கும் என்று கேட்டார்கள். தூரை நகத்தால் கீறிப் பார்த்து, அஞ்சு வருஷத்துப் பட்டை என்றார். இடம் மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். போகலாம் என்றார்கள். நான் சொன்னேன், கிணத்தை உள்ள வச்சு விதைக்கச் சொன்னேன் என்று அவர் ஆரம்பித்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று தடுத்துவிட்டார்கள். போகும்போது அவர் கிணற்றில் தண்ணீர் குடிக்கவில்லை.

தீர்ப்பு ஆவணியில் வந்தது. எலுகை வேலிதான், கிணறு வேலிக்கு வடக்கே, வடக்கு நாராயணபெருமாளுக்கு. அவள் உள்ளங்கை தேய உரசி வளர்த்த சாட்சி, ஒரு பொய்யும் சொல்லாமல் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ஒரு மாட்டைத் தின்னவிடாத செடி, கிணற்றையே தின்றுவிட்டது.

நாராயணபெருமாள் மறுநாளே கிணற்றைச் சுற்றி உடைமுள்ளை வெட்டிப் போட்டான். வழிப்போக்கர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். முத்துக்கனிக்குக் குடிதண்ணீர் இனி ஒரு மைல் தாண்டிக் குளத்தில்தான். ஆனால் அவன் பெண்டாட்டி தாணம்மாள் ஒரு மாதிரி ஆள், வாயில்லாப் பூச்சி. புருஷன் சந்தைக்குப் போனதும் முள்ளைக் கம்பால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அக்கா, சட்டுன்னு கோரிக்கிடுங்கோ" என்பாள். முத்துக்கனி இரண்டு குடம் கோருவாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சொந்தப் புருஷன் வெட்டிய கிணற்றில் திருட்டுத் தண்ணீர். அதற்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

முள்ளோ கணவாய்க் காற்றுக்கு நிற்கவில்லை. புரட்டாசி கடைசியில் தாணம்மாள் மடியில் எதையோ மறைத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"அக்கா, அவிய கிணத்தைச் சுத்தி ஆவாரை போடச் சொல்லுகாவ. உங்க வேலியில உள்ள நெத்துதான். ரெண்டு மட்டம் விதைச்சாச்சு, ஒண்ணும் வரல்ல. என்னத்தைத் தின்னுட்டு வேலை செய்யியன்னு என்னைப் போட்டு ஏசுகாவ. எப்பிடிக்கா முளைக்க வச்சிய?"

முத்துக்கனி அவள் மடியைப் பார்த்தாள். தான் வளர்த்த செடியின் விதை. தன் கிணற்றுக்கு வேலி. முளைக்க வைக்கிற வித்தையும் தானே சொல்லித்தர வேண்டும். பரும்மணல் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதுவரை அறிந்து ஒரு பொய் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அடுப்புல வச்சு வேவிக்கணும் மக்கா. ரெண்டு கொதி வரட்டும். நல்லா உப்பி வரும், அப்பம் விதை."

"வேவிச்சா செத்துராதாக்கா?"

"எனக்கு முளைக்கலியா?" என்று முத்துக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாணம்மாள் தலையாட்டிக்கொண்டு போனாள். அன்று முழுக்க முத்துக்கனிக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது. மறுநாளும் இருந்தது. அய்யா பொறுக்கட்டும், தண்ணிக்கு வேலி முளைக்காமல் செய்ததும் தர்மம்தானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசி நடுவில் நாடே எலுகை மாறியது. இத்தனை காலம் திருவிதாங்கூர் என்றிருந்த ஊரெல்லாம் ஒரே நாளில் மெட்ராஸ் ராஜ்ஜியமாகிவிட்டது. ஆரல்வாய்மொழியில் வெடி போட்டார்கள், கொடி கட்டி ஊர்வலம் போனார்கள். ராஜா காலத்து எலுகையைத் தூக்கித் தள்ளி வைக்க முடிகிறது, நாலு கோல் எலுகைக்கு வழியில்லை என்று முத்துக்கனி வேலியோரம் நின்று வெடிச்சத்தம் கேட்டாள். அங்கிருந்தே பார்த்தாள்: கிணற்றைச் சுற்றிக் கிண்டிப்போட்ட மண்ணில் புல் முளைத்திருந்தது, கோரை முளைத்திருந்தது.

கார்த்திகை முதல் வாரம் மலையடிவாரத்திலிருந்து கல்வண்டி வந்தது. ஒன்றல்ல, பதினோரு வண்டி. நாராயணபெருமாள் விதைக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டான். கொத்தனை வைத்து ஆளுயரத்துக்கு மதில் எழுப்பினான், வடக்கே பார்த்து ஒரு பலகைக் கதவு, கதவுக்குப் பூட்டு. சாவி அவன் அரைஞாண் கயிற்றில். வேலை ஆறே நாளில் முடிந்தது. கல்லை உரச வேண்டாம், ஊறப்போட வேண்டாம்.

ஏழாம் நாள் தாணம்மாள் ஆவாரை வேலியின் அந்தப்பக்கம் வந்து நின்றாள். கன்னத்தில் ஒரு தடிப்பு இருந்தது. குடத்தோடு குளத்துக்குக் கிளம்பிய முத்துக்கனி நின்றாள்.

"நீங்க சொன்னதுபோலத்தான் வேவிச்சேன்க்கா. வெந்தது முளைக்காதுன்னு மனசுல பட்டுது. ஆனா அக்கா பொய் சொல்லமாட்டாவளேன்னு போட்டேன்."

முத்துக்கனி குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஒண்ணு மனசுல வச்சிருந்தேன். கெழக்கு மூலையில, மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால, அவிய கண்ணு படாத எடம். அங்கண மட்டும் விதை போடாம ஒரு சந்து விட்டிருந்தேன்க்கா. உங்க குடத்தை இடுப்புல வச்சுப் பாத்த மாதிரி, அளந்து விட்டிருந்தேன். இப்பம் மதிலுல எங்க போய்ச் சந்து விட?"

"ஏட்டி, இதை அண்ணைக்கே எங்கிட்டச் சொல்லப்பிடாதா?"

"சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க மொகத்தைத் திருப்பிக்கிட்டிய" என்றாள் தாணம்மாள்.

வீட்டுப் பக்கமிருந்து நாராயணபெருமாள் அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். முத்துக்கனி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கு நடந்தாள். வேலியில் இந்த வருஷத்து மொட்டுகள் வந்துவிட்டிருந்தன. கடந்து போகும்போது அவள் அவற்றைப் பார்க்கவில்லை. கிணற்றுப் பக்கமும் பார்க்கவில்லை. அங்கே பார்க்க மதில்தான் இருந்தது.